சொரிமுத்துவின் கடைவாய்ப்பல்லில் விழுந்த துக்கம்

ஈச்சங்குறிச்சிக்காரர்கள் டாக்டர் சொல்லைத் தட்டவே மாட்டார்கள். சொரிமுத்துவின் கடைவாய்ப்பல்லுக்கு வந்த வினை அதுதான்.

போன வருஷக் கோயில் கொடைத் திருவிழாவில் பல்வலியோடு வெறும் குழம்பை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். இந்த வருஷம் கொடைக்கு வெட்டும் கிடாவைத் தானே வளர்த்தார். அதன் நல்லி எலும்பைக் கடித்தே தீருவது என்று, கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது டவுனுக்குப் போய்ப் பல்லைக் காட்டினார். துணைக்குக் கூட்டாளிகள் மாசானம், உச்சிமாகாளி, மச்சான் பிச்சாண்டி மூவரும் போனார்கள்.

டாக்டரம்மா சொத்தையைச் சுரண்டி, அடியில் மருந்து வைத்து, மேலே சிமெண்டால் அடைத்தார். "குழி ரொம்ப ஆழம். அடியில நரம்பு இன்னும் உயிரோட இருக்கு. அதப் பத்திரமா பாத்துக்கிடுங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸிலேயே மாசானத்துக்கு முகம் வாடிவிட்டது.

"உயிரோட இருக்குன்னு சொல்லிக்கிட்டே மூடிட்டாவளே, அது எப்படி மூச்சு விடும்?"

"சன்னல்கூட வைக்கல" என்றார் உச்சிமாகாளி.

சொரிமுத்துவுக்கே மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்து கொடுத்தார். கோணி ஊசியால் அடைப்பில் துளை போட்டார்கள். ஊசி உள்ளே இறங்கியதும் அவர் கூரை இடிபட எழும்பினார். நரம்பு சுகமாக இருக்கிறது என்று மூவருக்கும் நிம்மதி. மறுநாளிலிருந்து நரம்புக்குப் பசிக்குமே என்று துளைவழியே கஞ்சியும் ஊற்றினார்கள்.

ஐந்தாம் நாள் தாடை வீங்கி, கண் ஒன்று காணாமல் போனது. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, வேர்வரை சுத்தம் செய்து அடைத்தார். "நரம்பு செத்துப்போச்சு. இனி வலிக்காது, வீக்கம் வடிஞ்சதும் எதையும் கடிக்கலாம்" என்றார்.

அவர்கள் காதில் விழுந்தது முதல் பாதிதான்.

கொடையன்று வீக்கம் வடிந்து இலை முன்னால் உட்கார்ந்த சொரிமுத்துவை உச்சிமாகாளி தடுத்தார். "சாவு விழுந்து பதினாறு நாள் ஆகல. வாயில தீட்டு இருக்கு அண்ணாச்சி."

"அப்ப இந்தப் பக்கத்துப் பல்லால கடிக்கேன்."

"ஒரே வாயில பிறந்ததுக. பங்காளிகளுக்கும் தீட்டு உண்டுல்லா?"

சொரிமுத்து யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் கிடா வளர்த்தவர் பங்கு வீணாகக் கூடாதே. பிச்சாண்டியின் பொய்ப்பல் செட்டு டவுனில் செய்தது, அதற்கும் இந்தச் சாவுக்கும் ஒட்டுறவு இல்லை என்று தீர்ப்பானது. நல்லி எலும்பு அவர் இலைக்குப் போனது. அவர் அதைக் கடித்து உறிஞ்ச உறிஞ்ச, சொரிமுத்துவின் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

மாசானம் திருப்தியோடு அவர் முதுகைத் தடவினார். "நரம்பு செத்ததுக்கு இன்னும் ஒரு சொட்டு அழலையேன்னு நெனச்சேன். இப்பதான் முறையா அழுதாரு."