ஆமை போட்ட நாற்பது வருஷத் திட்டம்

காட்டின் மேட்டில் ஒரு பெரிய ஏரி இருந்தது. யானை மாதங்கி அதன் மதகைத் தும்பிக்கையால் தூக்கிவிட்டால்தான் பள்ளத்தில் இருந்த மான்குளத்துக்குத் தண்ணீர் போகும். குளம் வற்றினால் மான்கள்தான் ஓடிவந்து சொல்ல வேண்டும். வழியிலோ புலியின் புதர். போன கோடையில் சேதி சொல்லக் கிளம்பிய மான் ஏரிக்கு வந்து சேரவே இல்லை.

இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வேண்டும், அதுவும் நெடுநாளைக்கு நிற்க வேண்டும் என்றாள் மாதங்கி. பொறுப்பு ஆமை கவசமுத்துவிடம் வந்தது. காட்டில் எல்லோரையும்விட நெடுநாள் உயிரோடு இருக்கப்போவது அவர்தான். அவருடைய தகுதி அவ்வளவே.

கவசமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு யோசித்தார். பிறகு வெளியே வந்து நாற்பது வருஷத் திட்டம் ஒன்றை அறிவித்தார். குளத்தின் நீர்மட்டத்தைத் தட்டான்கள் பார்த்துவந்து சொல்லும். அவை வேகமாகப் பறக்கும், புலிக்கும் எட்டாது. சேதி வராவிட்டால் குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். இனி மான்கள் ஓடிவர வேண்டியதில்லை.

பயிற்சி தொடங்கியது. நடத்தியது ஆமை என்பதால் மெதுவாகத்தான் நடந்தது. குளத்தில் நட்டிருந்த அளவுக்கல்லைப் பார்த்து நீர்மட்டம் சொல்லும் பாடத்தை முடித்துவிட்டு, ஒருநாள் கேள்வி கேட்டார். “எந்தக் கல்?” என்று திருப்பிக் கேட்டன தட்டான்கள்.

“சொல்லிக்கொடுத்தேனே, மறந்துவிட்டதா?”

“அது எங்க கொள்ளுத்தாத்தாவுக்குச் சொன்னதுங்க ஐயா,” என்றது ஒரு தட்டான் பணிவாக.

சாக்குச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார் கவசமுத்து. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்று சலித்தபடி அடுத்த பாடத்துக்குப் போனார்.

கோடை வந்தது. சேதி வரவில்லை. திட்டம் ஜோராக நடக்கிறது என்று கவசமுத்து பூரித்துப்போனார். மாதங்கிக்கு மட்டும் மனசு உறுத்தியது. கொஞ்சம் மதகைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். திட்டத்தில் இல்லாததைச் செய்யக்கூடாது என்று அவர் தடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சிவந்தி என்ற பெண்மான் தள்ளாடி வந்து ஏரிக்கரையில் விழுந்தாள். தொடையில் புலி நகம் கீறியிருந்தது.

“குளம் காஞ்சுபோச்சு. குட்டிங்க சேத்தை நக்குதுங்க. உங்க தட்டான் எங்கே?”

மாதங்கி ஓடிப்போய் மதகைத் தூக்கினாள். தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. கவசமுத்துவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓட்டுக்குள் ஒளிந்து பார்த்தார், அங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. நேரே தட்டான்களிடம் போனார்.

“நீங்கள் எவ்வளவு காலம் இருப்பீர்கள்?” என்று அன்றுதான் கேட்டார்.

“நல்ல வெயிலா இருந்தா ஒரு மாசம் இருப்போம் ஐயா. குளத்துப் பாடம் படிச்சவங்க யாரும் இப்ப இல்லை.”

“அப்படியானால் நான் எப்படித்தான் திட்டம் போடுவது?”

“இன்னைக்குச் சேதி போய்ச் சேர்ற மாதிரி ஒண்ணு போடுங்க. நான் பறக்கும்போதே என் பிள்ளையையும் கூட்டிட்டுப் போய்ப் பழக்கிடறேன். மிச்ச வருஷத்தை நாங்க பார்த்துக்கிறோம்.”

நெடுங்காலத் திட்டம் போடுகிறவர் தம் ஆயுளை அளவாக வைக்கக் கூடாது. அதைச் சுமந்து பறக்கிறவர்களின் ஆயுளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.