ஓரடி பின்னே போன ஓந்தி

மிருகங்களும் பறவைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காட்டுக்கு நிறம் என்பதே கிடையாது. மலை, மரம், ஓடை எல்லாமே அடுப்புச் சாம்பல் நிறம்தான். அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை, ஓந்தி வர்ணம் குழைக்கக் கற்றுக்கொள்ளும்வரை.

ஓந்தியும் சாம்பல் நிறம்தான். ஆனால் கைவேலை தெரிந்த பிராணி. மஞ்சள் கிழங்கை இடித்தது, காவிக்கல்லை உரைத்தது, அவுரியை ஊறவைத்து நீலம் எடுத்தது, இலைச்சாறு பிழிந்தது. அணில் வாலிலிருந்து உதிர்ந்த மயிரைக் கட்டி ஒரு தூரிகையும் செய்துகொண்டது. முதலில் ஒரே ஒரு நாவல் மரத்துக்குப் பச்சை பூசிப் பார்த்தது. அவ்வளவுதான், மறுநாள் விடிவதற்குள் பாதிக் காடு அதன் முன்னால் வந்து நின்றுவிட்டது.

"ஓந்தியண்ணே, எங்க தோப்புதான் எல்லாத்தையும்விட எடுப்பா இருக்கணும்" என்றது கிளி.

"அதெப்படி? என் பாறையைப் பார்த்தா மத்ததெல்லாம் மங்கித் தெரியணும்" என்றது மயில்.

தூரத்து மலையிலிருந்து யானை நடந்தே வந்திருந்தது. "நாங்க தள்ளி இருக்கோம்னு எங்களை விட்டுடாதப்பா. எங்க மலைக்கும் அதே பூச்சு பூசிடு."

ஓந்திக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அதிலும் இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால் தலைகால் புரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதுபோலவே அள்ளிப் பூசியது. மரத்தோடு மூக்கை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்ததே தவிர, ஒருமுறையாவது விலகி நின்று பார்க்கவில்லை. கிட்டத்து மரத்துக்கும் அடிவானத்து மலைக்கும் ஒரே பச்சை, ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள்.

இரண்டு நாள் காடே திருவிழாக்கோலமாக இருந்தது. மூன்றாம் நாள் ஆண் இருவாச்சி வந்தது. வாயில் அத்திப்பழம், கண்ணில் நீர்.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கீறல்தான் மிச்சம். உள்ளேயே இறகுகளையும் உதிர்த்துவிடும், பறக்கவும் முடியாது. அதற்கும் குஞ்சுக்கும் ஆண் பறவை கொண்டுவரும் பழம்தான் சாப்பாடு.

"அண்ணே, சாம்பல் காட்டுல அந்தப் பொந்து கறுப்பா தனியா தெரியும். நேராப் போயிருவேன். இப்போ எங்க பார்த்தாலும் ஏதோ ஒண்ணு வா வான்னு கூப்பிடுது. எந்த மரம்னே தெரியல. ரெண்டு நாளா என் வீட்டுக்காரி பட்டினி. குஞ்சு வேற பொரிச்சிருக்கும்."

"என் படத்துலயா குறை?" என்றது ஓந்தி, கொஞ்சம் கோபமாகவே.

"குறை சொல்லலண்ணே. ஒரே ஒரு தடவை பின்னால வந்து நின்னு பாருங்க."

ஓந்தி கிளையில் ஓரடி பின்னே வைத்தது. இன்னும் ஓரடி வைத்தது. நிமிர்ந்து பார்த்தது. பார்த்ததும் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. மலை முன்னே வந்து முகத்தில் இடித்தது. மரம் எது, மலை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. நேராக யானையிடம் போய் விஷயத்தைச் சொன்னது.

"குஞ்சு பசியோட இருக்கா? எங்க மலையில இருக்கிற அத்தனை வர்ணத்தையும் எடுத்துக்கோ, போ" என்றது யானை. ஓந்தியிடம் துணி ஏது? தன் உடம்பாலேயே துடைத்தது. அந்த மலையில் எல்லாம் வந்துவிட்டது, அவுரி நீலம் மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்த மலையில் பாதி துடைத்தது. கிளியும் முனகிக்கொண்டே பூக்களின் சிவப்பை விட்டுக்கொடுத்து, வெறும் பச்சையோடு நின்றுகொண்டது.

மயில்தான் முரண்டு பிடித்தது. "பாறையில வேண்டாம்னா என் தோகையில போட்டுடு. மடிச்சு வச்சுக்கிறேன். யார் கண்ணையும் இழுக்க மாட்டேன்." பிறகு தாழ்ந்த குரலில், "எப்பவாவது ஒரு தடவை விரிச்சுக்குவேன்" என்றது.

கடைசியாக ஓந்தி பள்ளத்தாக்கின் பெரிய மரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கரும்பச்சையை மட்டும் விட்டுக்கொண்டே வந்தது. பதினேழாவது மரத்தில் ஏறும்போது உள்ளேயிருந்து ஈனக்குரல் கேட்டது.

"ஏங்க... நீங்களா?"

"நான் ஓந்தி, தாயி. உன் வீட்டுக்காரர் இதோ வந்துருவாரு. அலகை வெளிய நீட்டு."

கிண்ணத்தில் ஒரு சொட்டு மஞ்சள்தான் மிச்சமிருந்தது. நேற்றுவரை இந்த மஞ்சளைக் குடம் குடமாகக் கொட்டியிருந்தது, யார் கண்ணிலும் தனியாகப் படவில்லை. இப்போது சுற்றிலும் கரும்பச்சை. பின்னால் மங்கலான மலை. கீறலில் நீட்டிய அலகில் அந்த ஒரு சொட்டைப் பூசிவிட்டு, ஓந்தி ஓரடி பின்னே போய்ப் பார்த்தது. மேகம் விலகி வெயில் விழுந்தது. காடு முழுக்க வேறெதுவுமே தெரியவில்லை, அந்த அலகுதான் தெரிந்தது.

மலைக்கு அப்பாலிருந்தே ஆண் இருவாச்சி பார்த்துவிட்டது. இறக்கை விசிறும் சத்தம் பெருங்காற்றாகக் கேட்டது. வந்து ஒவ்வொரு பழமாக உள்ளே ஊட்டியது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? புள்ள பசியில கத்துது" என்றது உள்ளேயிருந்த குரல். ஆண் இருவாச்சி அலகோடு அலகை உரசிக்கொண்டே இருந்தது. ஈர மஞ்சள் அதன் அலகிலும் ஒட்டிக்கொண்டது. உள்ளே குஞ்சு கத்துவதை நிறுத்தித் தின்ன ஆரம்பித்ததும், ஓந்தி நிம்மதியாக மூச்சுவிட்டது.

அன்று தொட்டுத்தான் இருவாச்சியின் அலகு மஞ்சள், தூரத்து மலைகள் வெளிர்நீலம். துடைத்த வர்ணமெல்லாம் உடம்பில் ஏறிவிட்ட ஓந்தியை எல்லோரும் பச்சோந்தி என்றார்கள். அது இன்றைக்கும் கிளையில் ஓரடி முன்னே வைத்து, ஓரடி பின்னே போய், ஆடி ஆடித்தான் நடக்கிறது. நடக்கத் தெரியாத பிராணி என்று சிரிக்காதீர்கள். யார் வீட்டு வாசலாவது மறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.