வாய் நிறையத் தண்ணீர்

“இதுக்கு மேல பொடியை நைசாக்க என்னால முடியாதும்மா,” என்றார் சிவசைலம்.

மூச்சோடு இழுக்கும் மருந்து செய்வதுதான் அவர் வேலை. ஒரு தலைமுடியை இருபதாகப் பிளந்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவு மெல்லிய பொடி. நெஞ்சின் கடைசிக் கிளைவரை போகும் என்று கருவிகள் சத்தியம் செய்தன.

அவர் மனைவி உலகம்மைக்கு மட்டும் இளைப்பு குறைந்தபாடில்லை. நாலு படி ஏறினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். போன மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை தாங்குவாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

மலைச்சுனைக்குப் பக்கத்தில் குடியிருந்த அந்த அம்மாவைத்தான் அவர் குருவாக நினைத்தார்; மனைவியையும் கூட்டிக்கொண்டு இப்போது அவரிடம் வந்திருந்தார். சிவசைலத்தைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

“எங்கே, மருந்து எடுக்கிறதைக் காட்டுங்க.”

உலகம்மை இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்தாள்.

“எப்படி இருக்கு உலகு?” சிவசைலம் பாய்ந்து கேட்டார்.

“நல்லா... இருக்குங்க.”

அந்தப் பதிலோடு அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் பொடிபோல் ஏதோ வெளியே வந்து வெயிலில் மிதந்தது. அம்மா அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சிவசைலம் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார்.

“எப்பவும் இப்படிக் கேப்பீங்களா?”

“கேக்காம இருப்பேனா? என் உயிரே அவகிட்டதானே இருக்கு.”

“அடுத்த வேளை எப்போ?”

“சாயங்காலம்.”

“அதுவரைக்கும் இருங்க.”

சாயங்காலம் மூடுபனியாய் மஞ்சு இறங்கியது. மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அம்மா ஒரு சொம்பில் சுனைத்தண்ணீரை மொண்டு சிவசைலத்திடம் நீட்டினார்.

“வாய் நிறைய வச்சுக்குங்க. சொல்றவரைக்கும் முழுங்கக் கூடாது.”

“நோயாளி அவதானேம்மா?”

“தண்ணி உங்களுக்கு.”

பழத்தை அடக்கிய குரங்கு மாதிரி கன்னம் உப்ப நின்றவரைப் பார்த்து உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மருந்தை இழுத்தாள்.

கேள்வி அவர் தொண்டைவரை வந்தது. வாயில் தண்ணீர்.

அவர் கேட்கட்டும் என்று அவள் உதட்டை மூடியபடி காத்திருந்தாள். மஞ்சு இருவருக்கும் நடுவே மெல்ல நகர்ந்தது. சுனை எங்கோ தூரத்தில் பேசியது. பத்து எண்ணும் நேரம்தான் இருக்கும். அவருக்கு அது ஒரு முழுப் பொழுது.

பிறகு அவள் மெதுவாக மூச்சை விட்டாள். மூச்சு மட்டும்தான் வந்தது, பொடி வரவில்லை.

சுனையைச் சுற்றி மூவரும் நடந்தார்கள். இரண்டாவது சுற்றில் உலகம்மை கணவரின் உப்பிய கன்னத்தைப் பார்த்துக் கேலியாகக் கேட்டாள்.

“இந்தத் தடவை ஏன் ஒண்ணுமே கேக்கலை? பதில் சொல்லலாம்னு நானும் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறது?”

நடுவில் எங்கும் அவள் பேச்சு நிற்கவில்லை.

சிவசைலத்துக்குக் கண் நிறைந்து வழிந்தது.

“இப்போ முழுங்கலாம்,” என்றார் அம்மா.

மாட்டேன் என்று தலையாட்டினார் சிவசைலம்.