வடிவு கேட்க வந்தது

ஊர் ஊராகப் போய்க் கடவுளைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவர் பூதலிங்கம். ஐம்பது வயதில் அது அவருக்கே சலித்துவிட்டது. ஆவுடையம்மாவின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"உள்ளே ஒண்ணுமே இல்லை தாயே. வாய் மட்டும் பேசிக்கிட்டிருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

"இங்கேயே இரும். இவங்களோட சாப்பிடும், இவங்களோட வேலை செய்யும்."

இவர்கள் என்றால் கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள், வடிவு என்ற பெண்ணைப் போல நாக்கு சட்டென்று திரும்பாதவர்கள். எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும் மடம் அது. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவர் பேச்சை இன்னொருவர் முடித்து வைக்கக் கூடாது.

வாயால் பிழைத்த மனிதருக்கு அது நடக்கிற காரியமா? வடிவு ஒரு வார்த்தையை வெளியே தள்ளுவதற்குள் உலை கொதித்துவிடும். அவள் உதடு அசைந்தாலே பூதலிங்கம் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பார். மறுபடி அசைந்தால் சோற்றுத் தட்டு. பெரிய உதவி செய்கிறாராம்!

ஒருநாள் அந்தச் செம்பை அவள் தட்டிவிட்டாள். அவர் வேட்டியெல்லாம் தண்ணீர்.

பூதலிங்கம் குதித்துக்கொண்டு ஆவுடையம்மாவிடம் ஓடினார்.

"பார்த்துப் பார்த்துச் செஞ்சதுக்கு இதுதான் மரியாதையா? நான் கிளம்புறேன்."

"தாராளமாப் போம். அவ ஏன் தட்டினான்னு கேட்டீரா?"

"அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்!"

ஆவுடையம்மாவின் முகம் சிவந்துவிட்டது. வடிவைக் கூப்பிட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நா... நான்..."

"நான் செய்யுறது பிடிக்கலைங்கிறா," என்றார் பூதலிங்கம்.

"வாயை மூடும்!"

மூடினார். வடிவின் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணியது, எச்சில் வழிந்தது. அன்றைக்குத்தான் அவர் அவள் முகத்தைக் கடைசி வரை பார்த்தார்.

"தண்ணியும் சோறும் தவிர... எனக்குக் கேக்க... ஒண்ணுமே இருக்காதா ஐயா? நேத்து பந்தியில பேசினீங்க... கடவுள் எல்லார் பேச்சையும்... கேக்காருன்னு. அது உங்களுக்கு... எப்படித் தெரியும்? இதைக் கேக்கத்தான்... காலையிலிருந்து வாரேன்."

பூதலிங்கம் வாயைத் திறந்தார். எத்தனையோ மேடைகளில் சொன்ன பதில்கள் கைவசம் இருந்தன. ஒன்றையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்கமா இருக்கு தாயே. இவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நாளாகுமே."

"ஆகட்டும்," என்றார் ஆவுடையம்மா. "அவ காத்திருப்பா."