கடைசிப் பத்தி

“திரும்பவும் வெட்டிப்போட்டாங்கள், ரீச்சர்!”

தவநேசன் பேப்பரை ரீச்சர் வீட்டு மேசையில் அடித்தார். கனடாவின் ரொறன்ரோவில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு வாராவாரம் கட்டுரை எழுதுகிறவர். புத்தகமும் போட்டவர். அவருக்கு எழுத்துப் பழக்கியவர் ஜெசிந்தா ரீச்சர். ரீச்சர் வயதில் அவரைவிட இளையவர்.

“எதை வெட்டினவங்கள்?”

“கடைசிப் பத்தியை. இடம் போதாதாம். எப்பவும் அடியிலதான் கத்தரிக்கோல் வைக்கிறாங்கள்.”

“அதில என்ன இருந்தது?”

“பரமலிங்கம். இறைச்சிக் கம்பனிக் குளிர் அறைக்குள்ள பூட்டுப்பட்டுச் செத்த பொடியன். உள்ளுக்க இருந்து திறக்கிற பிடி உடைஞ்சு கனகாலம். ஒருத்தனும் திருத்தேல்ல. அவன்ர மனுசி நேற்றும் ஃபோன் எடுத்தவ. ‘அண்ணை, எழுதிப்போட்டன் எண்டு சொன்னீங்களே, என்ர மனுசன்ர பேர் எங்க?’ எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?”

“முதல் பத்தியில என்ன?”

“இந்த நாட்டுக்கு நன்றி.”

“ரெண்டாவதில?”

“பனி. வடிவாயிருக்குமெல்லே. பிறகு, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம். வந்து குடியேறின நாங்கள் எடுத்த எடுப்பில குறை சொல்லலாமே, ரீச்சர்? மரியாதை இல்லையே.”

“இஞ்ச வாரும்.”

ரீச்சர் பின்கதவைத் திறந்தார். கோட்டும் இல்லாமல் காலுறையோடு நின்ற மனிதரைப் பனிக்குள் தள்ளினார். கதவைப் பூட்டினார்.

பிறகு கேத்தலை அடுப்பில் வைத்தார்.

மெல்லத் தட்டுகிற சத்தம்.

“ரீச்சர், நீங்கள் செய்த உதவியளை நான் மறக்கமாட்டன். உங்கட வீடும் நல்ல வடிவு…”

ரீச்சர் தேயிலை போட்டார்.

“குறையா நினைக்கக்கூடாது… கொஞ்சம் குளிருது…”

சீனி போட்டார்.

கதவில் ஒரு குத்து விழுந்தது. இன்னொரு குத்து. பிறகு உதை. அலுமாரியில் கோப்பைகள் ஆடின.

“திறவடி கதவை! சாகப்போறன்!”

ரீச்சர் திறந்தார்.

“இப்பதான் கேட்டுது.”

தவநேசன் உடனே உள்ளே வரவில்லை. சிவந்துபோன தன் கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

தேத்தண்ணியைக் கையில் கொடுத்தும் குடிக்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரப் பேப்பர் வந்தது. முதல் வரியில், முதல் சொல்லாக, பரமலிங்கம்.

அந்த முறையும் இடம் போதவில்லையாம். கடைசிப் பத்தியை வெட்டியிருந்தார்கள்.

நாட்டுக்குச் சொன்ன நன்றி அதிலேதான் இருந்தது.