ஒன்பதாம் பக்கம்

தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர் என்று உங்களை நீங்களே மெச்சிக்கொள்பவராக இருந்தால் இந்தக் கதை உங்களுக்குத்தான். இதில் மூன்று பேர் ஒரே பொருளுக்குப் போட்டி போடுகிறார்கள். அந்தப் பொருள் குற்றம். வேடிக்கைதான், ஆனால் சிரிக்க முடியாது.

எல்லையோரத்தில் இருந்து வெகு தூரத்தில், தமிழ்ச் சிப்பாய்கள் நிறைந்த ஒரு பட்டாலியன். அதன் அலுவலகத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்தவன் தவசிமுத்து. ஓரம் விடுவது, பத்திக்கு எண் போடுவது, தலைப்புக்குக் கோடு இழுப்பது என்று விதிமுறை எழுதுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவனுக்கும் அது தெரியும். தெரியாதவர்களுக்கு அவனே சொல்லிவிடுவான்.

பட்டாலியனின் விடுப்பு விதிகளை முழுதாகத் திருத்தி எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய புத்தகம் கந்தலாகிக் கிடந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் யாரோ பின்னால் ஒட்டிய ஒரு சீட்டு. எண் இல்லை, தலைப்பு இல்லை. 'தாயோ தந்தையோ சாகக் கிடந்தால், அதிகாரிகள் இல்லாத வேளையில் சுபேதாரே ஆளை அனுப்பிவிடலாம், கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்பது அதன் சாரம்.

தவசிமுத்து தட்டச்சு செய்து முடித்தபோது இருபத்து நான்கு பத்திகள் எட்டுப் பக்கத்தில் கச்சிதமாக அடங்கின. கடைசி வரி வழக்கமானது: 'இதற்கு முந்தைய விடுப்பு உத்தரவுகள் அனைத்தும் இத்துடன் ரத்தாகின்றன.' சீட்டில் இருந்ததையும் சேர்த்தால் ஒன்பதாம் பக்கத்தில் நாலு வரி மட்டும் அநாதையாகத் தொங்கும். அவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிறகு தனியாக ஒரு சுற்றறிக்கை போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டை மேசை இழுப்பறையில் போட்டான். போட்டது போட்டதுதான், மறந்துபோனான்.

கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது மேஜர் திருவேங்கடம் பக்கங்களைப் புரட்டினார்.

"பழசுல இருந்ததெல்லாம் இருக்குல்ல?"

"எல்லாத்துக்கும் நம்பர் போட்டாச்சு சார்."

மேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வேலை அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். தவசிமுத்து இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தான்.

மூன்று வாரம் கழித்து அதிகாரிகள் எல்லோரும் காட்டுக்குள் பயிற்சிக்குப் போனார்கள். வெளித்தொடர்பே இல்லாமல் மூன்று நாள் இருப்பதுதான் பயிற்சி. முகாமுக்குப் பொறுப்பு சுபேதார் நல்லபெருமாள். ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருந்தது அவருக்கு. முதல் நாள் மதியம் சிப்பாய் மாசானம் வேர்த்து விறுவிறுத்து அலுவலகத்துக்கு ஓடிவந்தான்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலியாம் சாப். என்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்காராம். மூணு மணி ரயிலப் புடிச்சா காலையில ஊருக்குப் போயிருவேன்."

சுபேதார் புதிய புத்தகத்தை எடுத்தார். பழைய விதிப்படி பல பேரை அனுப்பியவர் அவர். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு அடுத்த மேசையைப் பார்த்தார்.

"தவசி, அந்த அவசர லீவு எங்கப்பா? கண்ணுக்குத் தட்டுப்படலியே."

தவசிமுத்துவுக்கு அப்போதுதான் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. இழுப்பறை அவன் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே இரண்டு ஜூனியர் கிளார்க்குகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"புதுசுல அது இல்ல சாப்."

"எடுத்துட்டாங்களா?"

"புதுசுல இல்ல சாப்" என்றான் மறுபடியும், தட்டச்சுப் பொறியைப் பார்த்துக்கொண்டே.

சுபேதார் புத்தகத்தை மூடினார். "மேல யோசிக்காமலா எடுத்திருப்பாங்க. மேஜர் வரட்டும்பா, மொத ஆளா உன்னை அனுப்பி வைக்கிறேன்."

மறுநாள் மதியம் மாசானத்தின் அப்பா இறந்துபோனார். கொள்ளி வைத்தது தம்பி. மாசானம் ஊர் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவன் யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. அணிவகுப்பில் அவன் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுக் கர்னல்தான் என்ன ஏது என்று கேட்டார். மூவரும் அவர் முன்னால் நின்றார்கள்.

"கையெழுத்து என்னோடது சார். படிக்காமப் போட்டேன். குற்றம் என்னோடது" என்றார் மேஜர்.

"முன்னால நின்னு அழுதவனைப் பார்த்தது நான் சார். பென்ஷன் நேரத்துல வம்பு எதுக்குன்னு புத்தகத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். குற்றம் என்னோடது" என்றார் சுபேதார்.

தவசிமுத்துவுக்குக் காது மடல் எரிந்தது. இவர்கள் இருவரும் இத்தனை நேராகப் பேசியபின் நிமிர்ந்து நிற்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒரு பக்கம் அசிங்கமாத் தெரியும்னு அந்தப் பத்தியை விட்டது நான்தான் சார். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லல. குற்றம் என்னோடது."

சுபேதார் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி இருந்தது. பிறகு முன்போலவே நேராகப் பார்த்து நின்றுகொண்டார்.

இப்போது சொல்லுங்கள். மூவரும் குற்றம் தன்னுடையது என்கிறார்கள். இதில் யார் சொன்னது சரி?

விடை: மேஜர் அந்த விதி புத்தகத்தில் இருப்பதாக நம்பினார். சுபேதார் அதை மேலிடம் எடுத்துவிட்டதாக நம்பினார். இருவருக்கும் தலைகுனிவுதான். ஆனால் அதை யாருமே எடுக்கவில்லை என்பது அன்று மதியம், ரயில் கிளம்பாமல் இருந்தபோது, ஒருவனுக்கு மட்டும் தெரியும். எனவே குற்றம் தவசிமுத்துவுடையது; அவன் சொன்னது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் சரியில்லை. பத்தியை விட்டது கவனக்குறைவு, ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். இரண்டு ஜூனியர்கள் முன்னால் அரை நிமிடம் வெட்கப்பட அஞ்சி அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டதுதான் மாசானத்தை நிறுத்தியது. கர்னலிடம் சின்னதை ஒப்புக்கொண்டு பெரியதை மறைத்தான். மாசானத்திடமாவது சொல்ல வேண்டும் என்று தினமும் கிளம்புகிறான். மாசானம் எதிரே வந்து, "சாப்ட்டீங்களாண்ணே?" என்று கேட்கிறான். "ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான் தவசிமுத்து.