பக்கத்துக் கட்டில்

“நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலையே மேடம்! பிறகு ஏன் என்கிட்ட மறைச்சா?”

கேட்டவன் சேந்தன். பிரசவ வார்டில் பயிற்சி டாக்டர்.

இசக்கியம்மாளின் வயிற்றுப் பிள்ளைக்குக் காலையிலிருந்தே அசைவில்லை. பாவி மகள் அதைச் சொல்லவே இல்லை. அவன் வந்து வந்து கேட்டபோதெல்லாம் “நல்லா இருக்கேன் சார்” என்றே சாதித்துவிட்டாள். பேராசிரியர் லூர்துமேரி வந்து வயிற்றில் கை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அடித்துப் பிடித்து ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது மறுபிறப்பு.

“சிரிச்ச முகமாத்தான் கேட்டேன் மேடம். பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.”

“ம்.”

“அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்?”

லூர்துமேரி விறுவிறுவென்று வார்டுக்குள் நடந்தார். இசக்கியம்மாளின் கட்டில் காலியாகக் கிடந்தது.

“உட்காரு.”

“நானா?”

“நீதான்.”

வார்டே வேடிக்கை பார்த்தது. சேந்தன் நெளிந்துகொண்டே உட்கார்ந்தான். முழங்கால் அடுத்த கட்டிலில் இடித்தது, அவ்வளவு நெருக்கம். அதில் பேச்சித்தாய் என்ற பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“காலையில இந்தப் பேச்சித்தாய் வலியில கத்தினப்போ நீ என்ன சொன்னே?”

அவனுக்குச் சுருக்கென்றது.

“அது... சும்மா ஒரு அதட்டு மேடம்.”

“என்ன சொன்னே?”

“‘எப்பப் பாரு வலி வலின்னு உயிரை எடுக்காதே. இன்னொரு தடவை சத்தம் வந்தா இந்தப் பக்கமே வரமாட்டேன்’னு...”

“எங்க நின்னு சொன்னே?”

சேந்தன் குனிந்து பார்த்தான். இரண்டு கட்டிலுக்கும் நடுவில், இப்போது அவன் கால் இருந்த இடம்.

“ஆனா அது இவங்களைத்தானே மேடம்! இசக்கியம்மாளை இல்லையே!”

அவன் குரல் கேட்டுப் பேச்சித்தாய் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

சேந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் முகமெல்லாம் வேர்வை. வாய் நிறைய முந்தானையைத் திணித்து வைத்திருந்தாள். பனிக்குடம் உடைந்து விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளிறிப் போயிருந்தன.

அவனைக் கண்டதும் அவசர அவசரமாக முந்தானையை வாயிலிருந்து உருவினாள்.

“ஐயோ, நான் கத்தலை சார்! எனக்கு வலியே இல்லை சார்!”